காதடியில் கட்டி: வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்!



இந்தப் பகுதியில் இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, எலிக்காய்ச்சல் என்று அடிக்கடி வரும் நோய்களைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுவோம். இம்முறை எடுத்துக்கொண்டிருப்பது அபூர்வமான நோய். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் அது. லட்சம் பேர் உள்ள ஊரில் வருடத்துக்கு ஒருவருக்கு, மிஞ்சினால் இருவருக்கு வரும். தலையிலும் கழுத்திலும் வரும் புற்றுநோய்களையெல்லாம் சேர்த்து எண்ணினால், நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குத்தான் இது இருக்கும்.

"அவ்வளவு அபூர்வம் என்றால் எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். அபூர்வமாக இருப்பதால்தான் யாருக்கும் இதன்மேல் சந்தேகம் வருவதில்லை. காதுக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டி இருக்கும். தொட்டால் வலிக்காது. சாப்பிட முடியும், பேச முடியும், பால் வெட்டப் போக முடியும், குலை அறுக்கப் போக முடியும். "அது பாட்டுக்கு இருக்குது, நம்மள ஒண்ணும் செய்யலியே!" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒரே ஆபரேஷனில் தீர்ந்துபோகக் கூடியது, அந்த வருடங்களில்தான் கைமீறிப் போகிறது.

எச்சில் எங்கே ஊறுகிறது?

நம் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. சோற்றை மென்று விழுங்கவும், பல் சொத்தையாகாமல் இருக்கவும், வாயில் கிருமி அண்டாமல் இருக்கவும் அது வேண்டும். இதைச் சுரக்க மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள் இருக்கின்றன.

முதல் ஜோடி, காதுக்கு முன்னும் கீழும் கன்னத்தில் பரவியிருக்கும் காதடிச் சுரப்பி. மூன்றிலும் பெரியது இதுதான். டாக்டர்கள் 'பரோட்டிட்' என்பார்கள். இரண்டாவது, தாடை எலும்புக்கு அடியில் இருக்கும் தாடையடிச் சுரப்பி. மூன்றாவது, நாக்குக்கு அடியில் இருக்கும் நாவடிச் சுரப்பி. இவை போக உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் முழுவதும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. இவற்றில் எதில் வேண்டுமானாலும் கட்டி வரலாம்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுரப்பி சின்னதாக ஆக ஆக ஆபத்து கூடும். காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய நாலில் மூன்று சாதுவான கட்டிகள், புற்று அல்ல. தாடையடிச் சுரப்பியில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. நாவடிச் சுரப்பியிலும் அண்ணத்திலும் வருபவற்றில் பாதிக்கு மேல் புற்றாகவே இருக்கின்றன. ஆகவே அண்ணத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டால், பொய்ப்பல் கட்டியவர்களுக்குப் பல்செட் திடீரென்று பொருந்தாமல் போனால், "பல்செட் தேய்ந்துவிட்டது" என்று விடாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீக்கம் எல்லாம் புற்று அல்ல

பயந்துவிடாதீர்கள். காதடியிலும் தாடையடியிலும் வீங்குவதற்கு வேறு பல காரணங்கள் உண்டு.

பிள்ளைகளுக்கு வரும் பொன்னுக்கு வீங்கி எல்லோருக்கும் தெரிந்ததுதான். காய்ச்சலோடு வரும், இரண்டு கன்னமும் வீங்கும், வலிக்கும், பத்து நாளில் வடிந்துவிடும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் அது இறங்கத்தான் செய்யும். தடுப்பூசி ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளுக்கு இது வருவதே குறைவு.

பெரியவர்களுக்கு எச்சில் குழாயில் கல் அடைத்துக்கொள்வது உண்டு. பெரும்பாலும் தாடையடிச் சுரப்பியில்தான் இது வரும். சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்குக் கீழே வீங்கி வலிக்கும். சாப்பிட்டு முடித்துச் சற்று நேரத்தில் வடிந்துவிடும். புளியைப் பார்த்தாலே வலிக்கிறது என்பார்கள். இந்த அடையாளம் இருந்தால் கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சொத்தைப் பல்லால் நெறி கட்டும். காசநோயாலும் கழுத்தில் நெறி கட்டும். மூக்குக்குப் பின்னால் வரும் புற்றும், வாய்ப்புற்றும்கூடக் கழுத்துக்கு இறங்கி அங்கே கட்டியாகத் தெரியும். இப்படி ஆயிரம் காரணம் இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் இது இன்னதுதான் என்று எந்த டிரஸ்ஸராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கட்டியை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல முடியும்.

இந்த அடையாளங்கள் கண்டால் தாமதிக்காதீர்கள்

1. காதடியிலோ, தாடையடியிலோ, வாய்க்குள்ளோ வந்த கட்டி மூன்று வாரம் ஆகியும் வடியவில்லை.

2. பல வருடமாகச் சும்மா இருந்த கட்டி இப்போது வேகமாக வளர்கிறது.

3. கட்டி கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, விரலால் நகர்த்தினால் நகர மறுக்கிறது.

4. கட்டி உள்ள பக்கம் கண் சரியாக மூடவில்லை, வாய் கோணுகிறது, கன்னமோ நாக்கோ மரத்துப்போகிறது.

5. விடாத வலி. வாயை அகலமாகத் திறக்க முடியவில்லை.

6. கட்டியின் மேல் தோல் சிவந்து புண்ணாகிறது, அல்லது கழுத்தில் வேறு நெறிகளும் கட்டுகின்றன.

நாலாவது அடையாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, காதடிச் சுரப்பியின் ஊடாகப் புகுந்து, ஐந்து கிளையாகப் பிரிகிறது. கண்ணை மூடுவதும், சிரிப்பதும், விசில் அடிப்பதும் இந்த நரம்பின் வேலை. சாதுவான கட்டி எவ்வளவு பெரிதானாலும் பெரும்பாலும் நரம்பைத் தள்ளிக்கொண்டு வளருமே ஒழிய அதைத் தின்னாது. புற்று நரம்புக்குள்ளேயே புகும். ஆகவே காதடியில் கட்டியும் இருந்து முகமும் கோணினால், புற்று என்று தெளிவாகும் வரை சந்தேகத்தை விடக் கூடாது.

செம்பனைத் தோட்டத்தில் குலை அறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். இடது காதடியில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி, எட்டு வருடமாக இருந்தது. நான் இரண்டு முறை கடிதம் எழுதிக் கொடுத்தேன். "வேலைக்கு லீவு போட்டால் சம்பளம் போகும் டிரஸ்ஸர் ஐயா, வலிச்சா போறேன்" என்றார். பிறகு நாலே மாதத்தில் எலுமிச்சங்காய் அளவு ஆனது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வீட்டார் அதை வாதம் என்று நினைத்து இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உருவினார்கள். கடைசியில் ஆபரேஷன் செய்தபோது நரம்பு புற்றோடு ஒட்டிப்போயிருந்தது. நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. ஆள் இருக்கிறார், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். ஆனால் இரவில் கண்ணுக்கு மருந்து விட்டு, பிளாஸ்டர் ஒட்டி மூடினால்தான் தூங்க முடியும். மொச்சைக்கொட்டையாக இருந்தபோதே போயிருந்தால் கட்டியோடு போயிருக்கும்.

இது ஏன் இப்படி ஆகிறது தெரியுமா? காதடியில் வரும் மிகச் சாதாரணமான சாதுக் கட்டி ஒன்று உண்டு. அது வருடக்கணக்கில் மெதுவாக வளரும். எடுக்காமல் விட்டால் ஐந்து வருடத்துக்குள் நூற்றில் ஒன்றோ இரண்டோதான் புற்றாக மாறும். பதினைந்து வருடம் தாண்டினால் பத்தில் ஒன்று மாறும் என்பது டாக்டர்கள் கண்ட கணக்கு. சாதுவாக இருக்கும்போதே எடுத்துவிடச் சொல்வது இதனால்தான்.

(இன்னொன்று: முகம் திடீரென்று கோணி, கையும் காலும் சேர்ந்து சோர்ந்தால் அது மூளையில் ரத்த அடைப்பு. அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.)

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

டாக்டர் முதலில் கையால் தொட்டுப் பார்ப்பார். ஒரு விரலை வாய்க்குள்ளும் இன்னொரு கையை வெளியிலும் வைத்து அழுத்திப் பார்ப்பார். கண்ணை இறுக்க மூடச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நரம்பு நன்றாக இருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

அடுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பிறகு மெல்லிய ஊசி. ரத்தம் எடுக்கும் ஊசியை விட மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை உறிஞ்சி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். "ஊசி பட்டால் புற்று பரவிவிடும்" என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. இந்த மெல்லிய ஊசி உலகம் முழுக்கப் பல்லாண்டுகளாகச் செய்யப்படுவது, பயப்பட ஒன்றுமில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது வேறு: தெரியாதவர்களிடம் போய்க் காதடிக் கட்டியைக் கத்தியால் கீறிவிடுவது. அப்படிக் கீறினால் நரம்பு அறுபடலாம், கட்டி உடைந்து பல இடத்தில் சிதறி மறுபடி மறுபடி முளைக்கலாம். "சீழ் கட்டியிருக்கு, கீறி விடுறேன்" என்று யார் சொன்னாலும் ஸ்கேன் பார்க்காமல் விடாதீர்கள்.

கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நரம்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். நெஞ்சையும் படம் பிடிப்பார்கள். ஏனென்றால் இந்தப் புற்று பரவினால் அடிக்கடி போய் உட்காரும் இடம் நுரையீரல்.

இந்த நோயைப் பார்ப்பதில் டாக்டர்களுக்கே ஒரு சிரமம் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று ஒரே நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இதில் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. சில வகை சாது மாதிரி ஊர்ந்து போகும். சில வகை மாதக்கணக்கில் பாயும். ஒரு வகை நரம்பு வழியே நூல் பிடித்த மாதிரி ஊர்ந்துபோய், பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் திரும்ப வரும். எந்த வகை என்று நிச்சயமாகத் தெரிவது பெரும்பாலும் கட்டியை எடுத்து முழுதாகப் பரிசோதித்த பிறகுதான். ஆகவே "ரிசல்ட் வர ஏன் இத்தனை நாள்?" என்று சலித்துக்கொள்ளாமல் காத்திருங்கள்.

சிகிச்சை என்ன?

முதல் மருந்து கத்திதான். காதடிச் சுரப்பியில் நோய் உள்ள பகுதியை, அல்லது முழுச் சுரப்பியையும் எடுப்பார்கள். நரம்பு நன்றாக வேலை செய்தால் அதைக் காப்பாற்ற எல்லா முயற்சியும் செய்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரமோ மாதமோ முகம் சற்றுச் சோர்ந்திருக்கும், பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். கழுத்து நெறிகளுக்குப் பரவியிருந்தால் அவற்றையும் எடுப்பார்கள். இன்னும் ஐந்து சுரப்பியும் குட்டிச் சுரப்பிகளும் இருப்பதால் ஒன்றை எடுத்தால் எச்சில் நின்றுவிடாது.

சிலருக்குப் பிற்காலத்தில் சாப்பிடும்போது கன்னத்தில் வியர்க்கும். நரம்பு நுனிகள் வழிதவறி வியர்வைச் சுரப்பியோடு சேர்ந்துகொள்வதால் வருவது, ஆபத்து இல்லை.

நோய் முற்றியிருந்தாலோ, பாயும் வகையாக இருந்தாலோ, ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு சிகிச்சை கொடுப்பார்கள். வாரத்தில் 5 நாள் வீதம் ஆறு ஏழு வாரம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான், வலி தெரியாது. ஆனால் நாள் ஆக ஆக வாய் வறளும், புண்ணாகும், ருசி போகும். தொடங்குவதற்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்து, கெட்ட பல்லை எடுத்து, ஈறு ஆறிய பிறகு போக வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். பல வருடம் கழித்துப் பல் வலித்தாலும் "எனக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்" என்று முதலில் சொல்லுங்கள்.

புற்றுநோய் மருந்து ஏற்றுவது இந்த நோயில் பரவிய நிலையில்தான் பயன்படுகிறது, அதுவும் ஓரளவுக்கு. அண்மைக் காலத்தில் கட்டியின் செல்லில் உள்ள தனிக் குறியைப் பார்த்து அதற்கென்றே கொடுக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. ஒரு சில வகைகளுக்கு அவை நன்றாகவே வேலை செய்கின்றன. விலைதான் மலை.

பிழைப்பார்களா என்றுதானே எல்லோரும் கேட்பது? அமெரிக்கக் கணக்கின்படி, நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் 5 வருடத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டவர்களில் அது பாதிக்கும் குறைவு. வித்தியாசம் எல்லாம் நாம் போகும் நேரத்தில் இருக்கிறது.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியபோது 12 படுக்கைதான் இருந்தது. புற்று என்றாலே சாவு, அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று பலர் நினைத்த காலம் அது. இன்று நிலைமை அப்படியில்லை. நம் மனதில்தான் பழைய பயம் இன்னும் போகவில்லை.

ஏன் வருகிறது? வெற்றிலையா, ரப்பரா?

பெரும்பாலோருக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. வயது ஒன்று. முன்பு தலையிலோ கழுத்திலோ கதிர்வீச்சு பட்டது ஒன்று. ஹிரோஷிமா, நாகசாகியில் 1945-ல் குண்டு விழுந்து பிழைத்தவர்களிடம் இந்தப் புற்று அதிகம் காணப்பட்டது.

ரப்பர் பொருள்கள் செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு இது சற்று அதிகம் என்று சில பழைய ஆராய்ச்சிகள் சொன்னதால், "பால் வெட்டினால் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சு டயர் முதலான பொருள் செய்யும் ஆலைகளின் புகை, ரசாயனத்தைப் பற்றியது. மரத்தில் பால் வெட்டுவதைப் பற்றியது அல்ல.

வெற்றிலை, பாக்கு, புகையிலை? இவை வாய்ப்புற்றுக்கு முக்கியக் காரணம், அதில் சந்தேகமே இல்லை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் அதிகம், அதிலும் வெற்றிலை போடும் நம் தாய்மார்களிடம் அதிகம். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றாலும் புற்று வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக் குழு அறிவித்துவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கும் புகையிலைக்கும் அந்த அளவு உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை. ஆனாலும் ஒருவர் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்ற டோனி க்வின், பல வருடம் புகையிலையை வாயில் அடக்கி வைத்திருந்தவர். 1997-லும் 2007-லும் காதடிச் சுரப்பியில் சாதுக் கட்டிகளை எடுத்தார்கள். 2010-ல் அதே இடத்தில் புற்று. 2014-ல் 54 வயதில் இறந்துபோனார். புகையிலைதான் தன்னை இப்படி ஆக்கியது என்று அவர் நம்பினார். அவர் நம்பியது சரியோ தவறோ, இரண்டு பாடம் நமக்கு உண்டு: ஒரு முறை கட்டி எடுத்தவர்கள் ஆயுள் முழுக்கப் பரிசோதனையை விடக் கூடாது, வாயில் புகையிலை அடக்குவதால் ஒரு நன்மையும் இல்லை.

பினாங்கில் எங்கே போவது?

முதலில் தோட்ட ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், அல்லது பக்கத்து அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். கடிதம் வாங்கிக்கொண்டு ஜார்ஜ் டவுன் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் உள்ளவர்களுக்கு முன்பு பட்டர்வொர்த் போய் ஃபெரி ஏறினால்தான் தீவு. 1985-ல் முதல் பாலமும், 2014-ல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலமும் வந்த பிறகு "தூரம்" என்ற சாக்கு செல்லாது.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1970-களில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய, லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரி. வசதியில்லாதவர்கள் அங்கே உதவி கேட்கலாம். எந்த ஆஸ்பத்திரியிலும் மருத்துவ சமூகநல அதிகாரி என்று ஒருவர் இருப்பார். தினமும் போய்வர வழியில்லை, செலவுக்கு இல்லை என்றால் வெட்கப்படாமல் அவரைப் பாருங்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. ஆபரேஷனுக்கும் மூன்றாம் வகுப்பு வார்டில் கட்டணம் சொற்பமே.

சம்பளம் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு: 2 வருடத்துக்குக் குறைவான சேவைக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்கு 18 நாள், 5 வருடத்துக்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்கவேண்டி வந்தால் வருடத்துக்கு 60 நாள். நோயால் உழைக்கும் சக்தியே நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும், 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். கடுமையான நோய்க்கு இ.பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்கவும் வழி உண்டு. பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் சங்கத்தின் கிளைச் செயலாளரிடம் கொண்டுபோங்கள். அதற்குத்தான் சங்கம்.

தோட்டம் துண்டாடப்பட்டு டவுன் பிளாட்டுகளுக்குக் குடிபோன நம் மூத்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். தோட்டத்தில் இருந்தபோது டிரஸ்ஸராவது கண்ணில் பட்டுக் கேட்பார். பிளாட்டில் கேட்க ஆள் இல்லை.

மாதம் ஒரு நாள் செய்யுங்கள்

சம்பளம் வாங்கும் நாளை வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. கண்ணாடி முன் நின்று இரண்டு காதடியையும், தாடைக்குக் கீழேயும், கழுத்தையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் இல்லாதது மறுபக்கம் இருக்கிறதா? டார்ச் அடித்து அண்ணத்தையும், கன்னத்தின் உட்புறத்தையும், நாக்குக்கு அடியிலும் பாருங்கள். கண்ணை இறுக்க மூடிச் சிரித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஏதாவது தட்டுப்பட்டு மூன்று வாரத்தில் போகவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. கயிற்றோடு ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடுங்கள்.

வலி வந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள், தோழர்களே. இந்த நோயில் வலி கடைசியாகத்தான் வரும்.